நெஞ்சு படபடக்கிறதா தம்பி? வகுப்பறையை விட்டு ஓடாதே!

தம்பி! முதல் பீரியட் நடந்துகொண்டிருக்கிறது. விரிவுரையாளர் போர்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். நீயும் குறிப்பெடுத்துக்கொண்டுதான் இருக்கிறாய். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை. விரல் நுனிகள் மரத்துப் போகின்றன. 'இதோ விழப்போகிறேன், செத்துவிடப் போகிறேன்' என்று தோன்றுகிறது. பையைக்கூட எடுக்காமல் எழுந்து ஓடுகிறாய். கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டு நிற்கிறாய். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆனால் மறுநாள் அதே வகுப்பு வாசலில் கால் வைக்க முடியவில்லை!

இதை நீ யாரிடம் சொன்னாய்? அத்தாவிடம் சொன்னாயா? கூடப் படிப்பவனிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ஏறி, கல்லூரிக்குப் போகாமல் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கி உட்கார்ந்திருந்துவிட்டு, மாலையில் வகுப்பு முடிந்தவனைப்போல வீடு திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரிவது, வருகைப் பதிவு குறைந்துவிட்டது என்று கல்லூரியிலிருந்து கடிதம் வரும்போதுதான்.

டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பேனிக் அட்டாக். நம் வீடுகளில் இதற்கு வேறு பெயர்கள். பயந்த கோளாறு என்பார் பாட்டி. கண்ணேறு என்பார் பக்கத்து வீட்டு மாமி. ஜின் என்பார் தாயத்து விற்பவர். 'படிக்க வணங்கவில்லை, சாக்கு சொல்கிறான்' என்பார் அத்தா. நான்கு பேரும் நோயைப் பார்க்கவில்லை. உன்னையும் பார்க்கவில்லை.

'மூச்சு முட்டுவதெல்லாம் ஒரு சமுதாயப் பிரச்சினையா, இதற்கு ஒரு பக்கமா?' என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்கள் 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கையைப் புரட்டிப் பார்க்கட்டும். நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு மாணவர் 25 பேரில் ஒருவர்தான் முஸ்லிம், மேல்பட்டப்படிப்பில் 50 பேரில் ஒருவர்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழகத்தில் போராடிக் கேட்டு 2007இல் 3.5 சதவீத இடஒதுக்கீடு பெற்றோம். அந்த ஒதுக்கீட்டில் கிடைத்த ஓர் இடத்தை, பெயர்கூடத் தெரியாத ஒரு படபடப்புக்குப் பயந்து ஒரு பிள்ளை விட்டுவிட்டு வந்தால் அது யாருக்கு நஷ்டம்?

முதலில் இது என்னவென்று புரிந்துகொள். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு உனக்கு நினைவிருக்காது, நீ சிறுவன். உன் அம்மாவைக் கேள். அடையாறு கரை புரண்டு ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டைத் தெருக்களுக்குள் புகுந்த இரவு அது. அன்று மக்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். அப்போது உடம்புக்குள் நடந்தது என்ன? ஆபத்து என்று மூளை மணியடித்தது. அட்ரினலின் சுரந்தது. ஓடுவதற்குத் தேவையான ரத்தத்தைக் கால்களுக்கு அனுப்ப இதயம் வேகமாக அடித்தது. மூச்சு வேகமெடுத்தது. வல்ல இறைவன் உடம்புக்குள் வைத்திருக்கும் பாதுகாப்பு ஏற்பாடு அது. அது இல்லாதிருந்தால் அன்று பலர் பிழைத்திருக்க மாட்டார்கள்.

வகுப்பறையில் உனக்கு அடிப்பதும் அதே மணிதான். ஒரே வித்தியாசம், அங்கே வெள்ளம் இல்லை! ஓட வேண்டிய தேவையில்லாமல் உட்கார்ந்தபடியே வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்துப்போவதும், உதடு சுரசுரவென்று இருப்பதும், தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். உடனே 'ஹார்ட் அட்டாக் வருகிறது' என்று மனம் முடிவு கட்டுகிறது. அந்த முடிவைக் கேட்டு மூளை இன்னும் பலமாக மணியடிக்கிறது. பயம் மூச்சை விரட்ட, மூச்சு பயத்தை விரட்ட, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்விடுகிறது. உச்சத்துக்குப் போனது இறங்கியே தீரும். உடம்பால் அந்த வேகத்தை நெடுநேரம் தாங்கிப் பிடிக்க முடியாது. இந்தத் தாக்குதலால் ஆள் சாவதில்லை. பைத்தியமும் பிடிப்பதில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வந்தால் 'இது வெறும் பதற்றம்' என்று நீயாக முடிவு செய்யாதே. மருத்துவரிடம் போ. ஈசிஜி எடு. தைராய்டும் ரத்த சோகையும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். அவர் 'இதயத்தில் ஒன்றுமில்லை' என்று சொன்ன பிறகு, வாராவாரம் ஈசிஜி எடுத்துக்கொண்டு அலையவும் செய்யாதே.

சரி, தாக்குதல் தானாகவே இறங்கிவிடும் என்றால் மறுபடி ஏன் வருகிறது? நீ ஓடியதால் வருகிறது! வெளியே ஓடினாய், படபடப்பு அடங்கியது. 'ஓடியதால்தான் தப்பித்தேன்' என்று மூளை கணக்கு எழுதிக்கொண்டது. அடுத்த நாள் வகுப்பறையைக் கண்டதுமே மணி அடிக்கிறது. பிறகு பஸ்ஸில் அடிக்கிறது. பிறகு ஜும்ஆவில் நடு ஸஃப்பில் நிற்கும்போது அடிக்கிறது. செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று தொழத் தொடங்குகிறாய். கடைசியில் வீட்டு வாசலைத் தாண்ட முடிவதில்லை. பயம் ஒரு கந்துவட்டிக்காரன் தம்பி. நீ கொடுக்கக் கொடுக்க அவன் கேட்பது கூடிக்கொண்டேதான் போகும்.

ஆகவே வகுப்பில் வந்தால் உட்கார். கால் இரண்டையும் தரையில் அழுத்தி வை. மூச்சை ஆழமாக இழுக்கப் பார்க்காதே, எல்லோரும் செய்யும் தவறு அதுதான். மெதுவாக வெளியே விடு. நான்கு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடு. 'இது பொய் மணி, பத்து நிமிடத்தில் ஓயும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள். திக்ரு செய்வாயானால் அந்த நிதானத்திலேயே செய்; ஆனால் தாக்குதலை விரட்டும் மந்திரமாக அதை ஆக்கிக்கொண்டு, வேகவேகமாக முணுமுணுத்து மூச்சைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆசிரியர் எழுதும் வரியை நோட்டில் எழுது, கை நடுங்கினாலும் எழுது. தாங்கவே முடியவில்லை என்றால் வெளியே போ, ஐந்து நிமிடம் நின்றுவிட்டு அதே வகுப்புக்குத் திரும்பி வா. வீட்டுக்குப் போகாதே. நண்பன் ஒருவனிடமும் ஆசிரியர் ஒருவரிடமும் விஷயத்தைச் சொல்லி வை. மறைத்து வைக்கிற பாரமே பாதி நோய்.

ராத்திரி இரண்டு மணி வரை செல்போன், காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டீ, நண்பனோடு ஒரு சிகரெட். இந்த மூன்றும் சேர்ந்தால் நல்ல மனிதனுக்கே நெஞ்சு படபடக்கும்! அதற்கெல்லாம் வைத்தியரைக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது மார்க்கத்துக்கு வருவோம். 'ஈமான் பலவீனமானவனுக்குத்தான் பயம் வரும்' என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கைத்தடி பாம்பாக நெளிந்தபோது மூஸா நபி (அலை) திரும்பிப் பாராமல் ஓடியதைக் குர்ஆன் சொல்கிறதே, அவர்களுடைய ஈமானையா சந்தேகிக்கப் போகிறார்கள்? முதல் வஹி வந்த இரவில் நம் நபி (ஸல்) அவர்கள் நடுங்கியபடி வீட்டுக்கு வந்தார்கள். வஹியை இந்த நோயோடு ஒப்பிடவில்லை, நவூதுபில்லாஹ். அன்னை கதீஜா (ரலி) நடந்துகொண்ட விதத்தைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அதட்டினார்களா? கேலி செய்தார்களா? போர்த்திவிட்டார்கள். நடுக்கம் தீரும்வரை காத்திருந்தார்கள். ஆறுதல் சொன்னார்கள். பிறகு விஷயம் அறிந்த வரகாவிடம் தாமே அழைத்துப் போனார்கள். பயந்து வரும் பிள்ளையை ஒரு வீடு எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

ஜின் என்ற படைப்பை நாம் நம்புகிறோம். ஆனால் வகுப்பில் நெஞ்சு அடித்துக்கொண்டால் அது ஜின் என்று சொல்லும் அதிகாரத்தை இந்தத் தாயத்து வியாபாரிகளுக்கு யார் கொடுத்தது? 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் என்ன நடந்தது? மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகி மாண்டார்கள். மனநோய் என்றால் தர்கா, தர்கா என்றால் சங்கிலி என்று நாமே பழக்கி வைத்த வழக்கத்தின் விலை அது. படபடப்பு உள்ள மாணவன் எங்கே, ஏர்வாடி எங்கே என்று நினைக்காதே. முதல் தாயத்தைக் கட்டும்போது எந்தக் குடும்பமும் சங்கிலியை நினைப்பதில்லை.

நம் முன்னோர்கள் இப்படியா இருந்தார்கள்? குராசானில் பல்க் நகரத்துக்காரர் அபூஸைத் அல்பல்கீ, கி.பி. 934இல் மறைந்தவர். உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்று ஒரு நூல் எழுதினார். கோபம், துக்கம், பயம், மனதை விடாமல் அரிக்கும் எண்ணங்கள் என்று உள்ளத்தின் நோய்களைப் பிரித்து வைத்தார். திடீர் நோய்க்கென்று வீட்டில் மருந்து வைத்திருப்பதைப்போல, பயம் வரும் வேளைக்கென்று நல்ல எண்ணங்களை நிதானமாக இருக்கும் நேரத்திலேயே சேமித்து வை என்றார். இன்றைய மனநல மருத்துவர்கள் 'எண்ணத்தை மாற்றும் பயிற்சி' என்று சொல்லித் தருவது இதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் நம்மவர் எழுதியதை விட்டுவிட்டு, நாம் தகடு புதைத்துக்கொண்டிருக்கிறோம்!

வியாபாரப் பெரியோர்களே, உங்களிடமும் இரண்டு வார்த்தை. பையன் 'காலேஜுக்குப் போக முடியவில்லை' என்றதும் 'சரி, கல்லாவில் உட்கார்' என்கிறீர்கள். பாசம்தான். ஆனால் மேலே சொன்ன கந்துவட்டிக்காரனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறீர்கள்! வேண்டுமானால் ஒரு வாரம் வகுப்பு வாசல் வரை கூடப் போய் விட்டுவிட்டு வாருங்கள். லேத்துப் பட்டறையை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தால் குடி முழுகிவிடாது.

மருந்துக்கடை வைத்திருக்கும் சகோதரர்களே, தெரிந்த பையன் என்று அல்பிரசோலம் மாத்திரையைச் சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள். எச்1 பட்டியலில் உள்ள மருந்து அது. தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். உடனே அடக்கும், சீக்கிரமே அடிமையாக்கும். மனநல மருத்துவர் நீண்ட நாளைக்குக் கொடுக்கும் மருந்து வேறு வகை, வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது பிடிக்கும். அதை நாமாக நிறுத்தக் கூடாது. ரமளானில் நோன்பு வைப்பதானால் ஸஹர், இஃப்தார் நேரத்துக்கு மாற்றித் தர முடியுமா என்று அந்த மருத்துவரையே கேட்க வேண்டும்.

எங்கே போவது? கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னாலே சிரிக்கிறவர்களைப் பற்றிக் கவலைப்படாதே. வாசலேற வெட்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடு. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை. காசில்லை, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் உதவி, 'மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் டாக்டரா?' என்று பயப்படும் தாய்மார்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கல்லூரியில் கேட்டுப் பெறும் உரிமையும் உனக்கு உண்டு. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. உன் கல்லூரியில் அவர் யார், எந்த அறை, எந்த நேரம் என்று அலுவலகத்தில் போய்க் கேள். இல்லை என்றால் எழுதிக் கொடுத்துக் கேள். வருகைப் பதிவு குறைந்திருந்தால் மருத்துவச் சான்றை இப்போதே கொடு, ஹால் டிக்கெட் மறுத்த பிறகு எங்களிடம் ஓடிவராதே.

ஜமாஅத் நிர்வாகிகள் வரும் ஜும்ஆவுக்குள் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் 14416 என்ற எண்ணைப் பெரிதாக எழுதிப் போடட்டும். பெண்கள் தொழும் பகுதியிலும் ஒன்று ஒட்டட்டும்.