கைமணமும் கை எரிச்சலும்

பங்குனி வெயில் ஏறியதும் போனில் அந்தப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். மொட்டைமாடியில் பழைய சேலையை விரித்து அதன்மேல் சிவக்கச் சிவக்க மிளகாய். ஓரத்தில் மல்லி, மஞ்சள். கீழே ஒரு வரி: ‘பாக்கெட் தூள்ல இந்த வாசம் வருமா? அம்மா கைமணம்!’ எழுதியது பெரும்பாலும் ஒரு மகன். படம் எடுத்ததைத் தவிர அந்த மாடியில் அவனுக்கு வேறு வேலை இருந்திருக்காது. நானும் அப்படி எழுதியவன்தான், அதனால் தெரியும்.

வீட்டுத்தூள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் ‘கைமணம்’ என்ற அந்தச் சொல் மேல்தான்.

அந்தக் கை என்ன செய்கிறது? காலையில் மிளகாயை மாடிக்குத் தூக்குகிறது. நடுவில் கிளறிவிடுகிறது. மேகம் கறுத்தால் ஓடிப்போய் அள்ளுகிறது. ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம், சமைத்தாலும் அது முழுசாகப் போகாது. அதனால் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கிறவரை காய வேண்டும். அப்புறம் காம்பு கிள்ளுவது. ஒரு கிலோவுக்குக் கிள்ளிப் பாருங்க. நகக்கண்ணில் ஏறும் எரிச்சல் ராத்திரி படுத்த பிறகுதான் முழுசாகத் தெரியும். மிளகாயின் காரமான கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் சரியாகக் கரையாது. எத்தனை தடவை கழுவினாலும் எரியும். கைக்குழந்தை இருந்தால் அந்தக் கையால் தொட முடியாது. பிறகு வறுக்கிற நெடி, மில்லில் வரிசை. சூடாக வந்த தூளை அப்படியே டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டிபிடிக்கும். தாம்பாளத்தில் பரப்பி ஆறவைக்கணும்.

இவ்வளவுக்கும் நாம் வைத்த பெயர் மணம்! எரிச்சல் அவளுக்கு, மணம் நமக்கு.

‘அது பாரம்பரியம்’ என்பார்கள். சரி, பாரம்பரியத்தையே பேசுவோம். மிளகாய் நம்ம ஊர்ச் செடியே கிடையாது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம்முடைய காரம் மிளகு. வந்த காய்க்கும் அந்த மிளகின் பெயரையே ஒட்டி மிளகாய் ஆக்கினோம். நாம் குண்டு மிளகாய் என்கிற ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. வெளியூர்ச் செடியை மண்ணின் அடையாளமாக்கிய சமையலறை இது. அம்மியிலிருந்தும் உரலிலிருந்தும் மிக்ஸிக்கும் மில்லுக்கும் போனோம். அப்போதெல்லாம் யாரும் பாரம்பரியம் போச்சே என்று மில்லை இழுத்து மூடவில்லை. காரம் மாறலாம், கருவி மாறலாம், காம்பு கிள்ளுகிற கை மட்டும் மாறக்கூடாதாம்.

‘அப்போ பாக்கெட்டே வாங்கிடலாமா?’ தாராளமா வாங்கலாம். ஆனால் அதோடு எரிச்சல் தீர்ந்தது என்று நினைக்காதீங்க. அது நம் கண்ணுக்குப் படாத இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். வெயிலில் குனிந்து பழம் பறிப்பதும் களத்தில் சோடை பிரிப்பதும் அங்கேயும் பெரும்பாலும் பெண்களே. ‘தூள் நல்லா சிவப்பா இருக்கணும்’ என்ற ஆசைக்கும் ஒரு விலை உண்டு. 2003இல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்த்தூளில் சூடான் 1 சாயம் இருப்பதை ஐரோப்பாவில் கண்டுபிடித்தார்கள். மெழுகுக்கும் பாலிஷுக்கும் நிறமேற்றுகிற சாயம் அது. கலந்தவன் குற்றவாளிதான். நிறத்தைப் பார்த்தே பாக்கெட்டை எடுக்கிற கை நம்முடையது.

ஆக, வீட்டில் அரைப்பது நல்லதுதான். எதைப் போட்டோம், எவ்வளவு காய்ந்தது என்று தெரியும். அந்த நன்மை வேண்டுமென்றால் வேலையையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். புகழ்ந்து தள்ளுவது பங்கில் சேராது.

இந்தக் கோடையில் மாடிக்குப் போகும்போது போனைக் கீழே வெச்சிட்டுப் போங்க. விரலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அரைக் கிலோவுக்குக் காம்பு கிள்ளுங்க. அன்றைக்கு ராத்திரி கை எரிந்துகொண்டிருக்கும்போது கைமணம் பற்றி ஒரு போஸ்ட் போடுங்க. முதல் ஹார்ட் என்னுடையது.