அம்மா, தற்காலிகம்

மார்ச் 21, வெள்ளிக்கிழமை. காலையில் எழுந்தபோது ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபட இரண்டு நிமிடம் ஆனது. விமானச் சத்தம் இல்லை.

ஹவுன்ஸ்லோவில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மேற்குக் காற்று அடிக்கிற நாட்களில் ஹீத்ரோவில் இறங்குகிற விமானங்கள் எங்கள் தெருக்களுக்கு மேலே ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்றாகப் போகும். பிற்பகல் மூன்று மணிக்கு ஓடுபாதையை மாற்றுவார்கள். அதை வைத்தே மணி பார்க்கிறவர்கள் இங்கே உண்டு. என் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்து அதுதான் தாலாட்டு. அன்று சின்னவன் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "அப்பா, குருவி கத்துறது கேக்குது!" என்றான்.

முந்தின இரவு பதினோரு மணிக்கு மேல் ஹேய்ஸ் பக்கம், நார்த் ஹைட் துணைமின் நிலையத்தில் தீப்பிடித்தது. ஹீத்ரோவை மூடிவிட்டார்கள். சுமார் 67,000 வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் போனது. எங்கள் தெருவில் விளக்கு இரண்டு முறை கண்சிமிட்டியதோடு சரி. தப்பித்தோம் என்று படுத்துவிட்டேன். காலையில் வைஃபை இல்லை.

எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அலமாரி இருக்கிறது. மின்சார மீட்டர், வேக்குவம் கிளீனர், பொன்னி அரிசி மூட்டை, பழைய ஷூக்கள், அவற்றுக்கு நடுவே கையகல அலுமினியப் பெட்டி ஒன்று. அதுதான் ஃபயர்வால். இன்டர்நெட் கம்பெனி கொடுக்கிற ரவுட்டரே போதும் என்கிற வீடுகளில் இது இருக்காது. நான் இந்தத் துறையில் வேலை பார்க்கிறவன், சும்மா இருக்க முடியுமா? 2014-ல் வாங்கி வைத்தேன். வெளியிலிருந்து வருகிற எதையும் "நீ யார், உன்னை யார் வரச்சொன்னது?" என்று கேட்டு, பதில் சரியில்லை என்றால் கதவைத் திறக்காத வாட்ச்மேன் அது. பதினோரு வருஷமாக ஒரு நாள் லீவு போட்டதில்லை. அன்று மூன்று முறை ஆன் செய்தும் எழுந்திருக்கவில்லை. நாலாவது முறை எழுந்தது. உடனே லேப்டாப்பைச் செருகி, அதன் அமைப்புகள் முழுவதையும் ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டேன். சாகக் கிடக்கிறவரிடம் அவசரமாக உயில் எழுதி வாங்குவது மாதிரிதான்.

அதற்கு மாற்றாக அதே பெட்டியை வாங்கவும் வழியில்லை. அதைச் செய்துகொண்டிருந்த பிசி எஞ்சின்ஸ் என்கிற சின்ன ஸ்விஸ் கம்பெனி, இனி இந்த வரிசைப் பலகைகளைத் தயாரிக்கப் போவதில்லை என்று 2023-லேயே சொல்லிவிட்டது. ஆகவே இன்டெல் என்100 சில்லு போட்ட புதிய பெட்டி ஒன்று வாங்கினேன். சித்திரை ஒன்றுக்கு முந்தின சனிக்கிழமை இரவு, எல்லாரும் படுத்த பிறகு வேலையில் இறங்கினேன்.

பெட்டியை மாற்றுவது பெரிய வேலை இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அதில் ஓடுகிற மென்பொருள் பிஎஃப்சென்ஸ். அதன் மூதாதையர் மோனோவால், 2003-ல் மானுவல் காஸ்பர் என்ற ஸ்விஸ்காரர் எழுதியது. ஃபயர்வாலின் எல்லா அமைப்பையும் ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் வைத்துவிட்டார். அதுதான் அவர் செய்த புண்ணியம். 2004-ல் மோனோவாலிலிருந்து பிஎஃப்சென்ஸ் கிளை பிரிந்தது. 2015-ல் காஸ்பர் தன் வேலையை நிறுத்திக்கொண்டார். ஆனால் அந்த ஒற்றைக் கோப்பு யோசனை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பழைய பெட்டியிலிருந்து கோப்பை எடு, புதியதில் போடு, மறுபடி ஆன் செய். பத்து நிமிடம்.

சிக்கல் ஒன்றே ஒன்று. பழைய பெட்டியில் இருந்தவை ரியல்டெக் நெட்வொர்க் கார்டுகள். கோப்பில் அவற்றின் பெயர் 'ஆர்இ0', 'ஆர்இ1'. புதியதில் இருப்பவை இன்டெல்; அவற்றுக்கு 'ஐஜிசி0', 'ஐஜிசி1'. கோப்பை அப்படியே போட்டால், "நீ சொல்கிற வாசல்கள் இந்த வீட்டில் இல்லையே" என்று புதிய பெட்டி கேட்கும். எது எது எங்கே என்று திரையிலேயே பொருத்திக்காட்டினால் போதும், ஏற்றுக்கொள்ளும். ஆனால் வெளி வாசலையும் உள் வாசலையும் மாற்றிக் காட்டிவிட்டால் வம்பு. எனக்கு அந்த நேரத்தில் கண் சொருகிக்கொண்டிருந்தது. அதனால் கோப்பைத் திறந்து பெயர்களைக் கையாலேயே மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அப்படி உட்கார்ந்ததால்தான் அதைப் படித்தேன்.

ஒரு வீட்டு ஃபயர்வாலின் விதிப் பட்டியலைப் பொறுமையாகப் படித்தால் அது குடும்ப டைரி மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் சிறு குறிப்பு எழுத இடம் உண்டு. இரவு ஒன்பதுக்கு மேல் யூடியூப் கூடாது என்று ஒரு டேப்லெட்டுக்குத் தடை. அந்த டேப்லெட் உடைந்து போய் ஐந்து வருஷம் ஆகிறது. 2019-ல் எங்களோடு மூன்று மாதம் தங்கியிருந்த மனைவியின் தம்பிக்கு ஒரு தனி வழி. செத்துப்போன பிரிண்டருக்கு நிலையான முகவரி. லாக்டவுன் சமயத்தில் பள்ளிக்கூடப் பாடத்துக்காகத் திறந்துவிட்ட ஏதோ ஒன்று. சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன்.

பதினெட்டாவது விதியின் குறிப்பு: "அம்மா கேமரா, தற்காலிகம்."

மூத்தவள் பிறந்தது 2015-ல். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் அம்மாவால் கும்பகோணத்தை விட்டு வர முடியவில்லை. பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று போனில் அழுவாள். தொட்டிலுக்கு மேலே ஒரு கேமராவை மாட்டினேன். அம்மா தன் கம்ப்யூட்டரில் ஒரு முகவரியைத் தட்டினால் நேராக எங்கள் வீட்டுக் கேமராவின் பக்கம் திறக்கும்படி ஃபயர்வாலில் ஒரு துளை போட்டேன். எங்கள் தொழிலில் இதற்கு போர்ட் ஃபார்வர்டு என்று பெயர். கும்பகோணத்து இணைப்பின் எண் நாளுக்கு நாள் மாறும் என்பதால், "யார் வரலாம்?" என்ற இடத்தில் "யார் வேண்டுமானாலும்" என்று போட்டேன். கேமராவின் பயனர் பெயர் 'அட்மின்'. கடவுச்சொல்லும் அதுவே. பெட்டியோடு வந்ததை நான் வேண்டுமென்றே மாற்றவில்லை. "ஒரே வார்த்தையை ரெண்டு தடவை அடிம்மா" என்று போனில் சொல்வது எளிதாக இருந்தது.

ஒரு மாதத்துக்குத்தான் என்று நினைத்தேன். 2018-ல் கேமராவைக் கழற்றி, பார்சல் யார் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று பார்க்க வாசல் பக்கம் மாட்டினேன். முகவரி அதேதான். துளை அப்படியே இருந்தது. பத்து வருஷம்.

இது எப்படிப்பட்ட ஆபத்து என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 2014 நவம்பரிலேயே இந்த நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகம் எச்சரித்தது. வீட்டுக் கேமராக்களும் குழந்தை மானிட்டர்களும், கடவுச்சொல் மாற்றப்படாததால், ரஷ்யாவிலிருந்து நடத்தப்பட்ட ஒரு இணையதளத்தில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் செய்தியை ஆபீசில் படித்து நாலு பேரிடம் சொன்னவன் நான். 2016-ல் மிராய் வந்தது: கம்பெனி போட்டுக்கொடுக்கிற பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றிய நிரல். அந்த அக்டோபர் 21-ல் அந்தப் படையை ஏவித்தான் டின் என்ற நிறுவனத்தை முடக்கினார்கள். ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் பல மணி நேரம் தடுமாறின. ஒரு மாதம் கழித்து அதன் வேறொரு வடிவம் இங்கேயே போஸ்ட் ஆபீஸ் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்கள் ஒரு லட்சம் பேரின் ரவுட்டர்களைப் படுக்கவைத்தது. மிராய் நுழைந்தது டெல்நெட் என்ற வேறு வாசல் வழியாக. நான் திறந்து வைத்திருந்தது கேமராவின் வலைப்பக்கத்தை. அதில் ஆறுதல்பட ஒன்றுமில்லை.

யாராவது வந்து பார்த்தார்களா? ஒவ்வொரு விதியிலும் 'பதிவு செய்' என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் செய்திருந்தால் வந்தவர்களின் தடம் கொஞ்ச நாளைக்காவது இருக்கும். நான் செய்யவில்லை. கேமராவுக்கும் நினைவாற்றல் கிடையாது.

மறுநாள் காலை மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ராத்திரி முழுக்க யோசித்ததையும் இங்கே எழுதிவிடுகிறேன். அவள் இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே கேட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அது எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்துச்சு?"

"முதல் மூணு வருஷம் தொட்டில். அப்புறம் வாசல். மாடிப்படியோட கீழ்ப் பக்கம் கொஞ்சம் தெரியும்."

அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்க் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அது இப்போது எங்கள் வீட்டுக் கரண்டி டிராயரில் குப்புறக் கிடக்கிறது. அன்று சாயந்திரம் வரை அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை.

கோப்பைப் படிக்காமல் அப்படியே ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. எல்லாம் அழகாக வேலை செய்திருக்கும். புது வீட்டுக்குப் பழைய சாமான்களைப் பிரிக்காமல் கொண்டுபோவது போல, அந்தத் துளையும் எழுத்து மாறாமல் புதிய பெட்டிக்குக் குடிவந்திருக்கும். எங்கள் தொழிலில் "ஒன்றும் உடையாமல் மாற்றினேன்" என்பதுதான் பெருமை. எது உடைய வேண்டுமோ அதுவும் உடையாது என்பதை நாங்கள் பேசுவதில்லை.

ஜூலை 2 அன்று நார்த் ஹைட் தீயைப் பற்றிய இறுதி அறிக்கை வந்தது, நேஷனல் எனர்ஜி சிஸ்டம் ஆபரேட்டர் வெளியிட்டது. டிரான்ஸ்ஃபார்மரின் உயர் அழுத்த புஷிங் ஒன்றில் ஈரம் புகுந்ததே பெரும்பாலும் காரணம் என்கிறது. 2018 ஜூலையில் எடுத்த எண்ணெய் மாதிரியிலேயே ஈரம் கூடுதலாக இருப்பது தெரிந்திருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது வேறொரு சமயமாக இருந்தால் "என்ன நாடுய்யா இது" என்று திட்டியிருப்பேன். இந்த முறை வாய் வரவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் பலரிடம் தனி ஃபயர்வால் இருக்காது. ஆனால் ரவுட்டர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதிலும் போர்ட் ஃபார்வர்டிங் என்று ஒரு பக்கம் உண்டு. ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். கம்பெனி புது ரவுட்டர் அனுப்பும்போது பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அதற்கு வைத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் தாமாக ஒட்டிக்கொள்ளும்; அது நல்ல உத்திதான். ஆனால் பழையதில் திறந்து வைத்திருந்த துளைகளையும் பார்த்துப் பார்த்து அதில் எழுதாதீர்கள். ஏதாவது வேலை செய்யவில்லை என்று யாராவது கத்தினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியம், ஊரில் அப்பா அம்மா இருக்கிற வீடு. நம்மில் பாதிப்பேர் அங்கே சிசிடிவி போட்டு இங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். டிவிஆர் மாட்டவந்த தம்பி என்ன கடவுச்சொல் வைத்தார் என்று யாராவது கேட்டோமா? இந்த நாட்டில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு இப்படிப்பட்ட கருவிகளை விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதற்கு முன் வாங்கி மாட்டியவற்றை அந்தச் சட்டம் தொடாது, கும்பகோணத்தில் மாட்டியதையும் தொடாது. வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் விபிஎன் வழியாக உள்ளே போய்ப் பார்க்கும்படி அமையுங்கள். வயர்கார்டு போன்றவற்றைப் போனிலேயே போட்டுக்கொள்ளலாம்.

பழைய பெட்டியின் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டேன். அந்த எக்ஸ்எம்எல் கோப்பில் பிராட்பேண்ட் கடவுச்சொல்லும் இருக்கிறது. பார்த்தால் புரியாத எழுத்தாகத் தெரியும், ஆனால் பூட்டு கிடையாது, அரை நிமிடத்தில் பிரித்துவிடலாம். டிஸ்க் இல்லாத வெறும் பெட்டியை ஃபெல்தமில் இருக்கிற ஸ்பேஸ் வேய் மறுசுழற்சி மையத்தில் போட்டுவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது வாய்தவறி, "அந்தப் பழைய கேமராவ எடுத்துட்டோம்மா" என்றேன். எந்தக் கேமரா என்று நினைவுக்குக் கொண்டுவரவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அதுவா! அது ரெண்டு நாள்தான் தம்பி தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரே சுத்தல். நீ கஷ்டப்பட்டு வச்சிருக்க, சொன்னா வருத்தப்படுவேன்னு விட்டுட்டேன். வாரா வாரம் 'பாத்தியாம்மா, பாத்தியாம்மா'ன்னு கேப்ப. 'பாத்தேன்ப்பா, நல்லா வளந்துட்டா'ன்னு சொல்லிடுவேன்."