அணியின் பெயரும் அணியின் பயனும்

வரலாற்றுப் புகழ்வாய்ந்த சொற்பொழிவொன்றை மாணாக்கர் கையிற் கொடுத்து, அதில் அமைந்துள்ள அணிகளைச் சுட்டுக என்று கேட்பது இலக்கிய வகுப்புக்களில் நெடுநாளைய வழக்கம். வழக்கம் நன்றே. ஆயின், அணியின் பெயரை எழுதியதும் புள்ளி கிடைத்துவிடுகின்றது. பாடமும் அத்துடன் முடிந்துவிடுகின்றது. இஃது ஊர்ப் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு ஊரையே பார்த்ததாகக் கொள்வதை ஒக்கும்.

1863ஆம் ஆண்டு நவம்பர் 19ஆந் திகதி கெற்றிஸ்பேர்க்கில் ஆபிரகாம் லிங்கன் ஆற்றிய உரையை நோக்குவோம். அவருக்கு முன் எட்வேட் எவரெற் ஏறக்குறைய இரண்டு மணிநேரம் பேசினார். லிங்கனோ சில நிமிடங்களில் முடித்துவிட்டார். தொடக்கத்தில், 87 ஆண்டுகள் என்று நேரே கூறாது, இருபது இருபதாக எண்ணிக் கூறுகின்றார். விவிலிய நடையின் சாயல் எனக் குறித்துவிட்டு மாணவன் அப்பாற் செல்வான். அவனை நிறுத்தி, 1863இலிருந்து 87ஐக் கழித்துப் பார் என்று ஆசிரியர் சொல்லவேண்டும். விடை 1776, சுதந்திரப் பிரகடனம் எழுந்த ஆண்டு. அரசியலமைப்பு வரையப்பட்ட 1787 அன்று. அடிமை முறைக்கு இடங்கொடுத்த சாசனத்தை விடுத்து, மாந்தர் யாவரும் சமம் என்ற பிரகடனத்தையே நாட்டின் பிறப்பாக அவர் கொண்டார். அலங்காரமாகத் தோன்றியது உண்மையில் ஒரு வாதம்.

நூறாண்டு கழித்து, 1963ஆம் ஆண்டு ஓகஸ்ற் 28ஆந் திகதி, வாசிங்டனில் லிங்கன் நினைவாலயத்தின் முன் நின்று மாட்டின் லூதர் கிங் பேசினார். அவரும் இருபது இருபதாகவே எண்ணினார். லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் நூறாண்டாகியும் முழுமை பெறவில்லை என்பதை அவ்வெதிரொலியே உணர்த்திற்று. கறுப்பினத்தவர்க்கு நாடு அளித்த வாக்குறுதியைப் பணமின்றித் திரும்பிய காசோலையாக அவர் உருவகித்தார். ஏன் காசோலை? அன்று திரண்டோர் கேட்டவை தொழிலும் சுதந்திரமும். இரப்போராக அன்றிக் கடன் கொடுத்தோராக அம்மக்களை அவ்வுருவகம் நிமிர்த்தி நிறுத்திற்று. உருவகம் என்ற ஒரு சொல்லை மட்டும் விடைத்தாளில் எழுதிய மாணவன் இவற்றுள் எதனைக் கண்டான்?

பெயர் அறியாது பயனை ஆராய்வது எங்ஙனம் என வினவுவாருளர். பெயர் வேண்டியதே. ஒரே சொல் ஒரே பொருளில் மீண்டும் மீண்டும் வருவதைச் சொற்பொருட்பின்வருநிலையணி என நம் மாணாக்கர் தண்டியலங்காரத்தின் வழி அறிவர். ஆனால், திரும்பக் கூறலின் வலிமையை ஹிட்லரும் அறிந்தே கையாண்டார். அணி நல்லோர்க்கும் தீயோர்க்கும் ஒருங்கே பணிசெய்யும்.

ஆகவே, ஆசிரியர்கள் மேலும் ஒரு பயிற்சி தருதல் வேண்டும். அணியை நீக்கி அக்கருத்தை வெற்று வாக்கியமாக எழுதச் செய்க. குறைந்தது யாது, எஞ்சியது யாது, எஞ்சியது உண்மைதானா என்று கேட்க. நாளை வாக்குச்சீட்டை ஏந்தப்போகும் கைகளுக்கு இப்பயிற்சி பரீட்சைப் புள்ளியினும் பெரிது.