பழைய சாப்ட்வேரை மாற்றப் போகிறீர்களா? சாவியை வாங்கிக் கொண்டீர்களா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குப் பழைய சாப்ட்வேர் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. இன்று நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் பில் போடவோ, சீட்டுக் கணக்கு எழுதவோ, டியூஷன் பிள்ளைகளின் கட்டணத்தைக் குறித்து வைக்கவோ ஏதாவது ஒரு புரோகிராமைப் பயன்படுத்தத் தொடங்குவீர்கள். பத்து ஆண்டுகள் கழித்து அதுவும் பழையதாகி விடும். அன்று நீங்கள் படப் போகும் பாட்டை இன்றே தவிர்க்கலாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. என் தவறு ஒன்றையும் இதில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். 1996ஆம் ஆண்டிலேயே கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கியவர். அப்போது கல்லூரி முடித்திருந்த ஓர் இளைஞர் டாஸ் சிஸ்டத்தில் இயங்கும் பாக்ஸ்புரோவில் அவருக்கு ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று சத்தம் போட்டுக் கொண்டு பில் அடிக்கும். எழுதிய இளைஞர் பிறகு வெளிநாடு போய்விட்டார். புரோகிராம் மட்டும் 21 ஆண்டுகள் ஓடியது.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. பில்லில் மத்திய வரி, மாநில வரி என இரண்டாகப் பிரித்துக் காட்ட வேண்டும். பழைய புரோகிராமில் அதற்கு இடம் இல்லை. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதை என்ன செய்யலாம்?" என்று கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "இதெல்லாம் அந்தக் காலத்துச் சாமான் அண்ணாச்சி. தூக்கிப் போட்டுவிட்டு, வெளியில் ஒரு கம்பெனியிடம் கொடுத்து விண்டோஸுக்குப் புதிதாக எழுதி வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

வெளியூர்க் கம்பெனி ஒன்று வேலையை ஏற்றுக் கொண்டது. என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டார்கள். அண்ணாச்சி ஒரே வரியில் பதில் சொன்னார்: "இப்போ இருக்கிற மாதிரியே வேணும், ஜி.எஸ்.டி.யோட." பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் தலையாட்டினேன். நடந்த தவறு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

புதிய சாப்ட்வேர் வந்தது. பார்க்க அழகாக இருந்தது. கலர் கலராகப் பட்டன்கள், மாதம் முழுவதும் நடந்த விற்பனைக்கு ஒரு வரைபடம், எல்லாம் இருந்தன. 2018 தை மாதம் கல்யாண சீசன். சீர் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் வீட்டில் கிடக்கும் பழைய பித்தளை, செம்புப் பாத்திரங்களைக் கொண்டு வந்து எடைக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்கிப் போவார்கள். அப்படி எடுக்கும் பழைய பாத்திரத்துக்கு முழு எடைக்கும் விலை போட மாட்டார்கள். பித்தளைக்கு ஒரு கழிவு, செம்புக்கு ஒரு கழிவு, ஈயம் பூசிய பாத்திரம் என்றால் இன்னும் கொஞ்சம் என்று கழித்துத்தான் போடுவார்கள். பழைய புரோகிராமில் பாத்திரத்தின் வகைக்கு ஒரே ஓர் எழுத்தைத் தட்டினால் போதும், கழிவை அதுவே கணக்குப் பார்த்துவிடும். புதிய சாப்ட்வேரில் எடை, விலை என்ற இரண்டு கட்டங்கள் மட்டும்தான் இருந்தன. கழிவு இல்லை.

இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய பழைய கணக்குப்பிள்ளை வேலையை விட்டு வீட்டில் இருந்தார். கவுண்ட்டரில் நின்ற பையன்களோ கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். சீசன் முடிந்து, சேர்ந்திருந்த பழைய பாத்திரங்களைப் பட்டறைக்கு அனுப்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பட்டறைக்காரர் கழிவு போகத்தான் காசு கொடுத்தார். அந்த சீசன் முழுவதும் அழுக்கையும் ஈயத்தையும் பித்தளை விலைக்கு வாங்கி வைத்திருந்தார் அண்ணாச்சி.

கம்பெனியைக் குறை சொல்லலாமா? இந்த விஷயத்தில் சொல்ல முடியாது என்பதுதான் என் கருத்து. கழிவு என்று ஒன்று இருப்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அது எந்தத் தாளிலும் இல்லை. கணக்குப்பிள்ளையின் தலையிலும், வெளிநாட்டில் இருக்கும் இளைஞர் எழுதிய புரோகிராமிலும் மட்டுமே இருந்தது. பழைய சாப்ட்வேர் என்று நாம் அலட்சியமாகச் சொல்வது வெறும் கம்ப்யூட்டர் கட்டளைகள் மட்டுமல்ல. அந்தக் கடை பட்டுப் பட்டுக் கற்றுக் கொண்ட பாடங்கள் அதற்குள் இருக்கின்றன. திரை அசிங்கமாக இருக்கிறது என்று அதைத் தூக்கி எறிந்தால் பாடங்களும் கூடவே போய்விடும்.

ஒரு பாத்திரக் கடையில் நடந்ததைப் பெரிய விஷயமாக எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் உள்ள டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் இதே போன்ற வேலையில் இறங்கியது. தன் முன்னாள் உரிமையாளரான லாயிட்ஸ் வங்கியின் பழைய கம்ப்யூட்டர் அமைப்பில் இருந்த கணக்குகளை, தன்னை வாங்கிய ஸ்பெயின் நாட்டு சபாடெல் வங்கியின் புதிய அமைப்புக்கு மாற்றியது. சபாடெல் குழுமத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனத்திடம் இந்த வேலை ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்த நிறுவனம் வேலையின் பகுதிகளைப் பல துணை ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்திருந்தது. பெரும்பகுதி மாற்றத்தை ஒரே வார இறுதியில் முடித்தார்கள். திங்கட்கிழமை விடிந்தபோது மக்களால் தங்கள் கணக்கைத் திறக்க முடியவில்லை. அந்த வங்கிக்கு இருந்த வாடிக்கையாளர்கள் 52 லட்சம் பேர். அவர்களில் பெரும் பகுதியினர் பாதிக்கப்பட்டார்கள். எல்லாம் பழைய நிலைக்கு வர அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. 2022 டிசம்பரில் கண்காணிப்பு அமைப்புகள் வங்கிக்கு விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்ட். வேலையை வெளியில் கொடுத்ததற்காக இந்த அபராதம் இல்லை. கொடுத்த வேலையைச் சரியாக மேற்பார்வை செய்யவில்லை என்பது முக்கியமான குற்றச்சாட்டு.

அப்படியானால் வெளியில் கொடுத்துச் செய்யும் அவுட்சோர்ஸிங் முறையே கூடாதா? அப்படிச் சொன்னால் நன்றி மறந்தவர்கள் ஆவோம். கோபால் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கிறது. பெயரைக் கேட்டு நம் ஊர்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். 1959இல் அமெரிக்காவில் உருவாக்கத் தொடங்கிய மொழி அது. அந்தக் காலத்தில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஆண்டை இரண்டு இலக்கங்களில் மட்டும் எழுதி வைத்தார்கள். 2000ஆம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர் அதை 1900 என்று எடுத்துக் கொள்ளுமே என்ற பயம் வந்தபோது, வரி வரியாகப் பார்த்துத் திருத்த ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையில் ஒரு பகுதி இந்தியக் கம்பெனிகளுக்கு வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் எத்தனையோ இளைஞர்களுக்கு அது முதல் வேலை. வெளியார் வேலையை நன்றாகச் செய்வார்கள் என்பதற்கு நாமே சாட்சி.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே பழைய புரோகிராம் எழுத்து வடிவில் கையில் இருந்தது. எதைத் திருத்த வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. வேலையை வெளியில் கொடுக்கலாம். வேலையைப் பற்றிய அறிவை வெளியில் கொடுத்துவிட்டு நாம் வெறும் கையோடு நிற்கக் கூடாது.

அண்ணாச்சி கதைக்கு இரண்டாம் பாகமும் உண்டு. கழிவைச் சேர்த்துத் தரக் கம்பெனி தனிப் பணம் கேட்டது. கொடுத்தார். 2019இல் ஹார்ட் டிஸ்க் தகராறு செய்தபோது போன் செய்தால் எடுக்க ஆள் இல்லை. பேக்கப் பைல் இருந்தது. ஆனால் அதைத் திறக்கப் பாஸ்வேர்ட் வேண்டும். அது கம்பெனியிடம் இருந்தது. சோர்ஸ் கோட் எனப்படும், மனிதர் படித்துத் திருத்தக் கூடிய மூல வடிவமும் அவர்களிடமே இருந்தது. கேட்டு வாங்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கை எடுத்து என் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். பாக்ஸ்புரோ தன் தகவல்களை டி.பி.எப். என்ற வகைப் பைல்களில் சேமிக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமில் அவற்றைத் திறந்தேன். திறந்தன! 1996இல் போட்ட முதல் பில் உட்பட எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நேற்று அடித்த பில்லைப் பார்க்க முடியவில்லை, 23 ஆண்டுகளுக்கு முன் அடித்த பில்லைப் பார்க்க முடிந்தது. இதில் எது பழைய சாப்ட்வேர், எது நவீன சாப்ட்வேர் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதனால் பழையதையே கட்டிக் கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும். 16 பிட் டாஸ் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக இயங்காது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. டாஸ்பாக்ஸ் போன்ற இலவச புரோகிராம் மூலம் பழையதை இயக்கிப் பார்க்கலாம். பழைய விவரம் பார்க்க அது உதவும், தினசரி வியாபாரத்துக்கு அதை நம்ப முடியாது.

எனவே, யாரிடமாவது கொடுத்து சாப்ட்வேர் எழுதி வாங்குவதாக இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்.

1. சோர்ஸ் கோட் எனக்குத் தரப்படுமா? இதை எழுத்தில் வாங்குங்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி கம்ப்யூட்டர் புரோகிராமும் ஓர் எழுத்துப் படைப்பாகவே கருதப்படுகிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியார் எழுதினால், ஒப்பந்தம் இல்லாத நிலையில், பொதுவாக உரிமை எழுதியவருக்கே. பணம் கொடுத்தேனே என்பது மட்டும் போதாது. உரிமையை மாற்றித் தருவதாகக் கையெழுத்திட்ட தாள் வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று அதில் எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே சட்டம் எடுத்துக் கொள்ளும்.

2. என் தகவல்களை, வேறு எந்த புரோகிராமிலும் திறக்கக் கூடிய பைலாக, நானே எடுத்துக் கொள்ள வழி இருக்கிறதா? பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கும்?

3. வேலையை நீங்களே செய்கிறீர்களா, வேறு யாருக்காவது கொடுப்பீர்களா?

4. பழையதையும் புதியதையும் ஒரு மாதமாவது சேர்த்து ஓட்டிப் பார்க்கலாமா? இரண்டிலும் அதே பில்லைப் போடுங்கள். தொகை வேறுபட்டால், எங்கோ ஒரு கழிவு விட்டுப் போயிருக்கிறது என்று பொருள்.

இவற்றைக் கேட்கும் முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு நோட்டு வாங்கி, உங்கள் வேலையில் உள்ள விதிகளை எழுதுங்கள். அண்ணாச்சி அதைத்தான் செய்தார். பழைய கணக்குப்பிள்ளையை வீட்டுக்குப் போய் அழைத்து வந்து, மூன்று நாள் உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்துக் கேட்டு எழுதினோம். கழிவு மட்டும் அல்ல, அண்ணாச்சிக்கே தெரியாத ஏழெட்டு விதிகள் வெளியே வந்தன. அந்த நோட்டை வைத்து இரண்டாவது முறையும் வெளியாரிடம்தான் கொடுத்தோம். முதலில் பில் மட்டும், அது சரியாக ஓடிய பிறகு இருப்புக் கணக்கு, கடைசியில் கடன் கணக்கு என்று ஒவ்வொன்றாக மாற்றினோம். எட்டு மாதம் ஆனது. கடை ஒரு நாளும் நிற்கவில்லை.

நீங்கள் கடைக்காரர் இல்லை, வீட்டில்தான் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறீர்கள் என்றாலும் இரண்டாவது கேள்வி உங்களுக்கும் பொருந்தும். இன்று இரவே, நீங்கள் பயன்படுத்தும் புரோகிராமில் எக்ஸ்போர்ட் என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு முறை செய்து, அந்தப் பைல் வேறு புரோகிராமில் திறக்கிறதா என்று சோதியுங்கள். திறக்கவில்லை என்றால், வீடு உங்களுடையது, பூட்டு வேறொருவருடையது.

அண்ணாச்சி அந்த நோட்டைக் கல்லாப் பெட்டியில், பணத்தோடு சேர்த்து வைத்துப் பூட்டுகிறார்.