பதின்மூன்றில் எது? ஸ்டார் டிரெக் படங்களும் ஒரு நாட்குறிப்பும்



கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நம் மூத்த மகன் ஓர் இரவு உணவுக்குப் பின் நம்மை மடக்கினான். "அத்தா, ஸ்டார் டிரெக் படங்கள் பதின்மூன்றில் உங்களுக்குப் பிடித்தது எது? ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். காரணமும் சொல்ல வேண்டும்." மதரஸாவில் நாம் மாணவர்களை வினவும் அதே தொனியில் அவன் கேட்டதால் தட்டிக்கழிக்க இயலவில்லை.

மதரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்குத் திரைப்படத்தோடு என்ன வேலை என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்களோ அதை அருகில் அமர்ந்து நாமும் பார்ப்பது என்பது நம் வீட்டு வழக்கம். அறையை மூடிக்கொண்டு அவர்கள் தனியே பார்ப்பதை விட இது மேல் என்பது நம் எண்ணம். இதில் மாற்றுக்கருத்து உடையோரை நாம் மதிக்கிறோம். அவ்விவாதத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வோம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966இல் தொடங்கி 1969இல் நிறுத்தப்பட்ட ஒரு தொடர், பத்தாண்டுகள் கழித்து 1979இல் திரைக்கு வந்தது. அன்று முதல் 2016 வரை திரையரங்குகளுக்கு வந்தவை பதின்மூன்று படங்கள். முதல் ஆறும் கேப்டன் கிர்க், ஸ்போக், மருத்துவர் மெக்காய் ஆகியோரைக் கொண்ட பழைய குழுவினருடையவை. அடுத்த நான்கும் அவர்களுக்குப் பின் வந்த தலைமுறையினருடையவை. கடைசி மூன்றில் பழைய பாத்திரங்களைப் புதிய இளைஞர்கள் ஏற்று நடித்தனர்.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால் ரசிகர்களில் பெரும்பாலோர் 1982இல் வெளிவந்த இரண்டாம் படத்தையே சொல்வர். கான் என்னும் பகைவனின் பழிவாங்கலைக் கூறும் கதை அது. நம் மகனின் வாக்கும் அதற்கே. அந்தக் கானின் முழுப்பெயர் கான் நூனியன் சிங். 'இவர் முஸ்லிமா?' என்று மதரஸா மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டதுண்டு. பாதிப் பெயரைக் கேட்டு மகிழ்வதா, வருந்துவதா என்று அவருக்கு விளங்கவில்லை போலும். 1967இல் அப்பாத்திரம் முதன்முதலில் வந்த தொலைக்காட்சிப் பகுதியில், வட இந்தியாவைச் சேர்ந்த சீக்கியராக இருக்கலாம் என்று ஒருவர் ஊகித்துச் சொல்வார். நடித்தவரோ மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான். 2013இல் அதே கானாக ஓர் ஆங்கிலேயர் நடித்தார். பெயர்களைக் கையாள்வதில் ஹாலிவுட்டின் கவனம் இவ்வளவுதான். ஆயினும் அப்படத்தில், கப்பலில் உள்ள அனைவரையும் காக்க ஸ்போக் தம் உயிரைக் கொடுக்கும் இறுதிக்கட்டம் கல்மனத்தையும் கரைக்கும். அதை மறுப்பதற்கில்லை.

எனினும் நம் தேர்வு 1991 டிசம்பரில் வந்த ஆறாம் படமே. பெயர், 'கண்டறியப்படாத நாடு'. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் மரணத்தைக் குறிக்கும் தொடர் இது. படத்தில் அதனை எதிர்காலத்தைக் குறிப்பதாக மாற்றிக்கொண்டார்கள். இயக்கியவர் நிக்கோலஸ் மேயர். இரண்டாம் படத்தை இயக்கியவரும் அவரே.

படம் ஒரு தேநீர்க் கோப்பையில் தொடங்குகிறது. விண்வெளியில் செல்லும் ஒரு கப்பலின் தலைவர் சூலு, தம் முன்னால் இருக்கும் கோப்பை நடுங்குவதைக் காண்கிறார். அது உருண்டு விழுந்து உடைகிறது. தொலைவில் கிளிங்கான் என்னும் இனத்தாரின் ஆற்றல் உற்பத்தியில் முக்கிய இடம் வகித்த பிராக்ஸிஸ் என்ற துணைக்கோள் வெடித்துச் சிதறியதன் அதிர்வு அது. அளவுமீறித் தோண்டியதும் பாதுகாப்பில் காட்டிய அலட்சியமும் காரணம். இனி அவ்வினத்தாரின் தாய்க்கோளுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே ஆயுள். எழுபது ஆண்டுகளாகப் பகைமை பாராட்டி வந்த அவர்கள், மனிதர்களும் பிறரும் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பிடம் சமாதானம் பேச வருகிறார்கள்.

இது எதன் நிழல் என்பதை அன்றைய பார்வையாளர்கள் உடனே அறிந்திருப்பர். 1986இல் செர்னோபில் அணுஉலை வெடித்தது. 1989இல் பெர்லின் சுவர் வீழ்ந்தது. அந்தச் சுவர் விண்வெளியில் வீழ்ந்தால் எப்படியிருக்கும் என்ற எண்ணத்தை மேயரிடம் கொண்டுவந்தவர், ஸ்போக்காக நடித்த லியோனார்ட் நிமாய். படம் வெளியான அதே மாதத்தின் இறுதியில் சோவியத் ஒன்றியமே கலைந்துபோயிற்று. கதை எழுதியவர்களைக் காலம் முந்திக்கொண்டது.

சமாதானத்துக்கு வரும் கிளிங்கான் தலைவர் கோர்கானை அழைத்துவரும் பணி கேப்டன் கிர்க்கின் தலையில் விழுகிறது. கிர்க்கின் ஒரே மகனை, மூன்றாம் படத்தில், கிளிங்கான்களே கொன்றிருந்தனர். அவர் கொதிக்கிறார். அவர்களை நம்பாதே என்கிறார். அவர்கள் இறந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஸ்போக் சொன்னதும், சாகட்டும் என்று ஒரே சொல்லில் விடுகிறார். தொலைக்காட்சிக் காலம் தொட்டு நாம் நல்லவராகவே கண்ட ஒரு மனிதரின் வாயிலிருந்து வரும் சொல் அது. சொன்னபின் அவர் முகத்தில் ஒரு சிறு தடுமாற்றம் தெரிகிறது. வில்லியம் ஷாட்னரின் நடிப்பைக் கேலி பேசுவோர் அந்த ஒரு கணத்தை மீண்டும் பார்க்க வேண்டுகிறோம்.

பிறகு ஒரு விருந்து. இரு தரப்பாரும் ஒரே மேசையில். நீலநிற மது பரிமாறப்படுகிறது. மறுநாளே, அரசு விருந்துகளில் இனி இது கூடாது என்று கிர்க் பதிவு செய்கிறார். (நம் வாசகர்களுக்கு அதில் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை.) அவ்விருந்தில் கிர்க்கின் குழுவைச் சேர்ந்த செக்காவ், எல்லாக் கோள்களுக்கும் பறிக்கவியலாத மனித உரிமைகள் உண்டென்று பெருந்தன்மையோடு பேசுகிறார். கோர்கானின் மகள் அஸெட்பர் குறுக்கிட்டு, 'மனித' உரிமை என்ற பெயரிலேயே உங்கள் இனப்பெருமை ஒலிப்பது உங்கள் காதில் விழவில்லையா என்கிறாள். மேசையில் அமைதி. தம்மைத் தாராளமானவர் என்று உறுதியாக நம்புகிறவரின் சொல்லிலேயே பிறரை வெளியே நிறுத்தும் வேலி இருப்பதை, இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சி நம் நினைவில் இல்லை.

அன்றிரவே கோர்கான் கொல்லப்படுகிறார். கிர்க்கின் கப்பலே சுட்டதாகத் தோன்றும்படி சூழ்ச்சி செய்யப்படுகிறது. கிர்க்கும், கோர்கானைக் காப்பாற்றக் கடைசிவரை போராடிய மெக்காயும் கைதாகிக் கிளிங்கான் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். இங்கேதான் படத்தின் உயிர் இருக்கிறது. அரசுத் தரப்பில் வாதிடும் தளபதி சாங், கிர்க்கின் குரலையே ஒலிக்கச் செய்கிறார். தம் அறையில் தனித்திருந்து நாட்குறிப்பில் அவர் பதிவு செய்திருந்த சொற்கள் அவை: கிளிங்கான்களைத் தாம் ஒருபோதும் நம்பியதில்லை, நம்பப்போவதும் இல்லை, மகனின் சாவுக்காக அவர்களை மன்னிக்கவே முடியாது என்று. கொலையை அவர் செய்யவில்லை. ஆனால் அக்குரல் அவருடையதே. அதை அவரால் மறுக்க இயலவில்லை.

அந்தக் காட்சியில் நம் மகன் படத்தை நிறுத்திவிட்டு, நம் பக்கம் திரும்பாமலேயே கேட்டான்: "அத்தா, மேலத்தெருக்காரர்களைப் பற்றி நீங்கள் சாப்பிடும்போது சொன்னதை யாராவது பதிவு செய்திருந்தால்?"

பல ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் நடந்த ஒரு தகராறில் நம் தம்பியின் கை முறிந்தது. அடித்தவர்கள் இருவர். அன்று முதல் நாம் பகை பாராட்டி வந்ததோ ஒரு தெரு முழுவதன் மீதும். மேடையில் ஒருநாளும் தவறாகப் பேசியதில்லை; பயானில் சகோதரத்துவம் பற்றிப் பேசியிருக்கிறோம். வீட்டுத் தஸ்தர்கானில் அமர்ந்து சொன்னவை வேறு. 'அந்தத் தெருவில் ஒருவனும் உருப்படியில்லை' என்பது அவற்றுள் மென்மையானது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். மகனுக்கு உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து வழுவச் செய்துவிடக் கூடாது என்னும் இறைக்கட்டளைக்கு, அன்று காலைதான் மாணவர்களுக்கு விரிவுரை சொல்லிவிட்டு வந்திருந்தோம்.

படத்துக்குத் திரும்புவோம். சூழ்ச்சி செய்தவர்கள் யார்? கிளிங்கான் தளபதி சாங்கும், கூட்டமைப்பின் உயர் தளபதி கார்ட்ரைட்டும், ரோமுலன் என்னும் மூன்றாம் இனத்தாரின் தூதரும் சேர்ந்தே இதைச் செய்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் நம்பவே முடியாது என்று சாதித்தவர்கள், சமாதானத்தைக் கெடுப்பதற்கு மட்டும் ஒருவரை ஒருவர் முழுமையாக நம்பினார்கள்! பகையால் பிழைப்பு நடத்துவோர் எல்லைக்கு இருபுறமும் உறவினரே என்பதை இக்கதை நகைச்சுவை கலந்து சொல்லிவிடுகிறது.

கார்ட்ரைட்டாக நடித்த பிராக் பீட்டர்ஸ் ஒரு கறுப்பின நடிகர். 1962இல் வந்த ஒரு புகழ்பெற்ற படத்தில், பொய்க்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின இளைஞராக நடித்தவர். கிளிங்கான்களை இழித்துப் பேசும் வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க அவரால் இயலவில்லை என்றும், பகுதி பகுதியாகப் படமாக்க நேர்ந்தது என்றும் சொல்லப்படுகிறது. உஹூராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் இனவெறி தொனித்த ஒரு வரியைச் சொல்லவே மறுத்துவிட்டார். தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரிக்கும் மனக்குறை இருந்தது. தம் எதிர்கால மனிதர்கள் இத்தகைய வெறுப்பைக் கடந்தவர்கள் என்பது அவர் வாதம். 1991 அக்டோபரில் அவர் காலமானார். படம் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. அவர் கனவை நாம் மதிக்கிறோம். ஆயினும் வெறுப்பே அறியாத மனிதரைக் காட்டிலும், தம் வெறுப்பைக் கண்டு வெட்கப்படும் மனிதரே நமக்குப் பயன்படுகிறார் என்பதால் இங்கே நாம் மேயரின் பக்கம்.

இன்னொரு நுட்பம் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. சூழ்ச்சியில் பங்கேற்றவர்களுள் வலேரிஸ் என்னும் பெண் அதிகாரியும் ஒருத்தி. அவள் ஸ்போக்கின் இனத்தவள், அவர் வளர்த்த மாணவி. அவள் மீது அவருக்கு ஐயம் எழவே இல்லை. பின்னர் ஸ்போக், அவள் தம் இனத்தவள், திறமையானவள் என்ற பெருமிதமே தம் கண்ணை மறைத்தது என்று ஒப்புக்கொள்கிறார். கிர்க்கை வெறுப்பு குருடாக்கியது. ஸ்போக்கை இனப்பற்று குருடாக்கியது. அஸபிய்யத் என்று நாம் பாடத்தில் படிக்கும் சொல்லுக்கு இவ்வளவு தெளிவான எடுத்துக்காட்டு நமக்குக் கிட்டியதில்லை. நம் சமுதாயத்தில் கிர்க்கின் நோயைப் பற்றிப் பேசுவோர் பலர். ஸ்போக்கின் நோயைப் பற்றிப் பேசுவோர் அரிது.

குறைகள் இல்லாத படமா? நிச்சயமாக இல்லை. வலேரிஸின் உள்ளத்துக்குள் ஸ்போக் வலிந்து புகுந்து உண்மையைப் பறிக்கிறார், அவள் அலறுகிறாள். குற்றவாளியே ஆயினும் வதைத்துப் பெறும் வாக்குமூலத்தை நாம் ஏற்க இயலாது. படமோ அதைத் தேவையான செயல் போலக் கடந்துவிடுகிறது. இதை நம் மகளே முதலில் சுட்டிக்காட்டினாள். பனிக்கோளின் சிறைக்காட்சிகளும் சற்று நீளம். வேற்றினத்தார் மொழி தெரியாமல் கனத்த அகராதிகளைப் புரட்டும் வேடிக்கை, அத்தனை முன்னேறிய கப்பலில் ஒட்டவில்லை.

ஹிஜ்ரி 6இல் நிகழ்ந்த ஹுதைபிய்யா உடன்படிக்கையை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. திரைக்கதையோடு சீறாவை ஒப்பிடுவதாக எவரும் எண்ண வேண்டாம். சமாதானம் என்பது வென்றவன் வீசும் பிச்சை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, அதை ஏற்பது உமர் (ரலி) அவர்களுக்கே எத்துணைக் கடினமாக இருந்தது என்பதை விளக்க அன்றிரவு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அல்லாஹ்வின் தூதர் என்ற சொல்லை உடன்படிக்கையில் எழுதக் கூடாதென்று வாதிட்ட சுஹைல் இப்னு அம்ர் பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவியதையும் சொன்னோம். படத்தின் இறுதியில் கிர்க்கும் அஸெட்பரும் பேசிக்கொள்ளும் ஓரிரு வாக்கியங்கள் பிள்ளைகளுக்கு அதன்பின் வேறு விதமாகக் கேட்டன. தந்தையை இழந்தவள் ஒருபுறம், மகனை இழந்தவர் மறுபுறம்.

மேலத்தெருவுக்கு அடுத்த வாரம் சென்றோம். அஸர் தொழுகை அங்குள்ள பள்ளிவாசலில். தொழுதபின் சலாம் சொன்னோம். மூவர் பதில் சொன்னார்கள். ஒருவர் செருப்பைத் தேடுவது போல் குனிந்துகொண்டார். தம்பிக்கு இதில் விருப்பமில்லை. அவன் கை இன்றும் முழுவதும் நிமிராது; அவனை நாம் வற்புறுத்தவில்லை.

வீட்டில் வாக்கெடுப்பு இன்னும் முடிந்தபாடில்லை. மகன் கானை விட்டுக்கொடுக்க மறுக்கிறான். மகளோ நான்காம் படத்தின் திமிங்கலங்களுக்காக வாதாடுகிறாள். 1986இல் வந்த அப்படத்தில் வில்லனே கிடையாது என்பது அவளது பலமான வாதம். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. இரண்டாம் இடத்தை மகிழ்ச்சியோடு திமிங்கலங்களுக்கு அளித்துவிட்டோம். அவர்களின் தாயார் பதின்மூன்றையும் பார்க்கப் பொறுமையில்லை என்று கூறி நடுநிலை வகிக்கிறார். அந்தத் தளபதி கண்பட்டையை ஏன் ஆணி அடித்து வைத்திருக்கிறார் என்பது மட்டுமே அவர் இதுவரை கேட்ட கேள்வி.