மங்களூர் ஓடும் நம்ம விழுப்புரமும்



என் அப்பா ஓடு மாற்றும் வேலை செய்பவர். கைமரம், ரீப்பர் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. போன கோடை விடுமுறையில், திண்டிவனம் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரிக்க அவரோடு நானும் போனேன். ஒரு ஓட்டைத் திருப்பிக் காட்டி, "முப்பது வருஷமா இத்த தூக்கறேன். இதுல இன்னாடா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"மங்களூர்னு போட்டிருக்குப்பா."

"அந்த ஊருல யாரு இத்த செஞ்சாங்க?"

சிவில் டிப்ளமோ படிக்கிற எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1834-இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூருக்கு வந்தது. தலைமையிடம் சுவிட்சர்லாந்து. வந்தவர்களில் பலர் ஜெர்மானியர்கள். மதம் மாறியவர்கள் சாதியையும் இழந்து, பிழைப்பையும் இழந்து நின்றார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க நெசவு, அச்சகம் என்று தொழில்களைத் தொடங்கினார்கள். முதல் கன்னடச் செய்தித்தாளான 'மங்களூர சமாச்சார' 1843-இல் அங்கேதான் பிறந்தது. 1865-இல் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர், நேத்ராவதி ஆற்றுக் களிமண்ணை எந்திரத்தில் அழுத்தி, ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் ஓட்டைச் செய்தார். அதுதான் நம் ஊர் வீடுகள் வரை வந்து சேர்ந்த மங்களூர் ஓடு!

முதல் உலகப் போர் வந்தது. பிரிட்டிஷ் அரசு மிஷனின் தொழிற்சாலைகளைக் கைப்பற்றியது. ஜெர்மானியர்கள் வெளியேறினார்கள். மங்களூர் படுத்துவிட்டதா? இல்லை! காரணம், அதற்குள் உள்ளூர்க்காரர்கள் தொழிலைக் கற்று, சொந்தமாகவே ஓட்டுத் தொழிற்சாலைகள் தொடங்கிவிட்டார்கள். முதலாளி போனான், தொழில் நின்றது.

பிறகு கான்கிரீட் தளம் வந்து ஓட்டுக்கும் வேட்டு வைத்தது. அப்போதும் அந்த ஊர் முடங்கவில்லை. ஏனென்றால் அது ஓட்டை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. கனரா வங்கி 1906-இலும், கர்நாடகா வங்கி 1924-இலும், விஜயா வங்கி 1931-இலும் அந்த ஒரே ஊரில் தொடங்கப்பட்டவை. பக்கத்துச் சூரத்கல்லில் 1960-இல் பொறியியல் கல்லூரி வந்தது. 1975-இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. 2014-இல் பெயர்கூட மங்களூரு என்று மாறிவிட்டது. 2011 கணக்குப்படி ஐந்து லட்சம் பேர்கூட இல்லாத ஒரு நடுத்தர ஊர் இத்தனை முறை சட்டை மாற்றியிருக்கிறது!

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். சென்னையிலிருந்து திருச்சி வழியாக மங்களூர் போகும் எக்ஸ்பிரஸ் நம்ம விழுப்புரம் ஜங்ஷனில் நின்றுதான் போகிறது. எல்லாரும் நம்மைக் கடந்து போகிறார்கள். 1993-இல் மாவட்டத் தலைநகர் ஆனோம். கலெக்டர் ஆபீஸ் வந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி பிரிந்து போனது. 2024-இல் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பார்க் திறந்தார்கள். "கம்பெனி வந்தா ஊரு தானா மாறிடும்டா" என்கிறான் என் வகுப்பு நண்பன்.

நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கம்பெனி வந்தால் வேலை வரும். வேலை வேறு, தொழில் வேறு. ஓட்டுத் தொழிற்சாலை மங்களூரை மாற்றவில்லை. அங்கே கூலிக்கு நின்றவனும் வேடிக்கை பார்த்தவனும், மண் எது, சூளை எது, சரக்கை யார் வாங்குவான் என்று முழுசாகக் கற்றுக்கொண்டதுதான் மாற்றியது. நாம் என்ன செய்கிறோம்? கேம்பஸ் இன்டர்வியூவில் தேறி ஒரகடம் பஸ் ஏறுகிறோம். ஒரே மெஷின் முன்னால் மூன்று வருஷம் நின்று, ஒப்பந்தம் முடிந்ததும் அதே பஸ்ஸில் வெறுங்கையோடு இறங்குகிறோம்.

போவது தப்பு என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் கடன் இருக்கிறது. "நீயாவது நிழல்ல நின்னு வேலை பாருப்பா" என்று அம்மா காத்திருக்கிறாள். நானும் அந்தப் பஸ் ஏறத்தான் போகிறேன். ஆனால் நண்பர்களே, பக்கத்து மெஷினையும் பாருங்கள். பொருள் எங்கிருந்து வருகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று கேளுங்கள். கணக்குப் பிள்ளையிடம் சிநேகம் வையுங்கள். திரும்பி வரும்போது பத்துப் பேராவது சேர்ந்து திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஒரு சிறிய பட்டறை போட முடியும் என்றால், அன்றுதான் நம்ம ஊர் மாறத் தொடங்கும்.

அப்பா அந்த ஓட்டை வீட்டுக்கு எடுத்து வந்து திண்ணையில் வைத்திருக்கிறார். நாளை யாரோ ஒரு பிள்ளை ஏதோ ஒரு பொருளைத் திருப்பிப் பார்த்து 'விழுப்புரம்' என்று படிக்க வேண்டும். அதைச் செய்யப்போவது யார்? சிந்தியுங்கள்!

— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்