சுமப்பவன் தோள்

நியூயார்க்கில் மகன் இல்லத்துக்கு வந்திருந்த முதியவருக்கு ஓர் அவா. 1977-இல் குடமுழுக்குக் கண்ட ஃப்ளஷிங் கணபதியைத் தொழுது, காரிலேயே புறப்பட்டு, பிட்ஸ்பர்க்கில் எழுந்தருளிய வேங்கடவனையும், கலிபோர்னியாவின் மாலிபு பெருமாளையும் சேவிக்க வேண்டும்.

வழியோ 4,500 கிலோமீட்டருக்கு மேல். மகனுக்கு விடுப்போ பத்தே நாள்.

“நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் ஆறே நாளில் சேர்ந்துவிடலாம், அப்பா” என்றான் மகன்.

எழுபத்தெட்டு வயதில் இவ்வாய்ப்பு மறுமுறை வாராது. ஆயினும், அலுவல் முடித்து வந்த மகனின் சிவந்த கண்களை முதியவர் நோக்கினார்.

“பிட்ஸ்பர்க் போதும், தம்பி. மாலிபு பெருமாளை மனத்தால் சேவிப்பேன்.”

பெற்றோரைக் காவடியில் சுமந்து தலந்தோறும் சென்ற சிரவணகுமாரனைப் போற்றுகிறோம். சுமக்கும் தோளின் நோவை உணர்வதும் பக்தியே.